பெரணிச் செய்தி

அந்தப் பேக்கரியில் மாவு பிசைகிற மாஸ்டருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. யார் எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்று தலையாட்டுவார். தலையாட்டிய மறுநிமிஷம் அது காற்றோடு போய்விடும். அதனால் கூட வேலை செய்கிறவர்கள் அவரை ஆகட்டும் என்றே கூப்பிட்டார்கள். வயதுக்கு மரியாதை கொடுக்க நினைத்தவர்கள் "ஆகட்டும் அண்ணே" என்றார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை. கோபித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் மறந்திருப்பார்.

அவருடைய மறதியைச் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும். உப்பு வாங்கி வருகிறேன் என்று போனவர் முடி வெட்டிக்கொண்டு வந்தார், உப்பு வரவில்லை. மழைக்கு எடுத்துப்போன குடை எந்தக் காலத்திலும் அவரோடு வீடு திரும்பியதில்லை. ஒருமுறை மனைவியோடு சினிமாவுக்குப் போய், இடைவேளையில் கொறிக்க ஏதாவது வாங்கலாம் என்று வெளியே வந்தவர், எதிரே நின்ற பஸ்ஸைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். வீடு பூட்டியிருந்ததைப் பார்த்த பிறகுதான் மனைவி ஞாபகம் வந்தது. அந்த அம்மாள் படத்தை முழுசாகப் பார்த்துவிட்டு நிதானமாக வந்து சேர்ந்தாள். "முடிவு நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள்.

இப்படிப்பட்ட மனிதரை நம்பி ஒரு பேக்கரி எப்படி நடந்தது என்று கேட்கலாம். மாவு விஷயத்தில் மட்டும் அவரிடம் மறதியின் ஜம்பம் பலிக்கவில்லை. சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதை அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை. மாவுத் தொட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் அவருடைய ஆள்காட்டி விரல் தானாகப் போய் மாவில் ஒரு குழி போட்டுப் பார்க்கும். குழி சட்டென்று மேலே வந்துவிட்டால் இன்னும் நேரமாகவில்லை. சோம்பேறித்தனமாக மெல்ல மேலே வந்தால் அடுப்புக்குத் தயார். அடுப்பு பார்க்கிறவரோடு அரட்டை அடித்துக்கொண்டிருக்கும்போதே இந்த விரல் வேலை நடந்துவிடும். புத்தி எங்கே மேய்ந்துகொண்டிருந்தாலும் விரல் விழித்திருந்தது. அவருடைய ரொட்டி ஒருநாளும் சொதப்பியதில்லை.

மனைவிக்கு ஒரு துணிக்கடையில் வேலை. மீட்டர் கட்டையை வைத்து அளந்து, கத்தரிக்கோலை ஒரே இழுப்பில் ஓட்டித் துணி வெட்டிக் கொடுப்பாள். அவள் வெட்டிய ஓரம் நூல் பிடித்த மாதிரி இருக்கும் என்று தையல்காரர்கள் அவளிடம்தான் வந்து நிற்பார்கள். இத்தனைக்கும் அவளுடைய இடது கண் சின்ன வயதிலேயே மக்கர் பண்ணிவிட்டது. வெளிச்சம் எது, நிழல் எது என்று சொல்லும், அதோடு சரி. உலகம் பூராவையும் வலது கண் ஒன்றுதான் சுமந்துகொண்டிருந்தது.

வீட்டில் அவளுக்கென்று செடிகள் இருந்தன. சன்னலோரம் ஒரு மணிபிளான்ட், சாப்பாட்டு மேசைக்கருகே குரோட்டன்ஸ், அலமாரிக்குப் பக்கத்தில் கற்றாழை, இன்னும் பெயர் தெரியாத ஒன்றிரண்டு. எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய செல்லம் ஒரு பெரணி. துணிக்கடையின் பின்சுவரில், மழைத்தண்ணீர்க் குழாயை ஒட்டிய வெடிப்பில் கட்டைவிரல் அளவுக்கு முளைத்திருந்ததை அவள் கத்தரிக்கோல் முனையால் நெம்பி எடுத்து வந்திருந்தாள். வருஷக்கணக்கில் பார்த்துப் பார்த்து வளர்த்ததில் அது தொட்டி கொள்ளாமல் நாலாபக்கமும் வழிந்து நின்றது. அதன் புது இலை நத்தை ஓடு மாதிரி சுருண்டு வெளியே வந்து மெல்ல அவிழும். அதைப் பார்ப்பதற்காகவே அவள் காலையில் காப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் அதன் எதிரே உட்கார்வாள். ஆகட்டும் அந்தச் செடிகளைத் தட்டுமுட்டுச் சாமான்களைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்து வந்தார். அதாவது, பார்த்ததே இல்லை.

ஒருநாள் கடையில் மீட்டர் கட்டை நடுவில் வளைந்து தெரிந்தது. வேறு கட்டை கொடுக்கச் சொல்லி வாங்கினாள். அதுவும் வளைந்திருந்தது. மறுநாள் வலது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒரு திரை இறங்க ஆரம்பித்தது.

கண்ணுக்குள்ளே விழித்திரை கழன்றிருக்கிறது என்றார் டாக்டர். உடனே அறுவை சிகிச்சை நடந்தது. "விழித்திரையை ஒட்டி வச்சிருக்கோம். அது நகராம இருக்க உள்ள ஒரு வாயுக் குமிழி விட்டிருக்கோம். குமிழி எப்பவும் மேல போகும் இல்லையா? முகத்தைக் கவிழ்த்துக்கிட்டே இருந்தா அது கண்ணோட பின்பக்கமா போய் திரையை அழுத்திப் பிடிச்சுக்கும். ரெண்டு வாரம் சாப்பாடு, தூக்கம் எல்லாம் கவிழ்ந்தபடிதான்" என்று டாக்டர் விளக்கினார்.

"அப்புறம் கண்ணு தெரிஞ்சிடுமா டாக்டர்?" என்று கேட்டார் ஆகட்டும்.

"பார்ப்போம்" என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லோடு ஆகட்டும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்துக் கட்டிலில் அவளைக் குப்புறப் படுக்கவைத்தார்கள். சுருட்டிய துண்டுகளில் நெற்றியையும் தாடையையும் தாங்கி, முகம் கட்டில் ஓரத்துக்கு வெளியே தரையைப் பார்த்தபடி இருந்தது. ஆபரேஷன் ஆன கண்ணில் புகைமூட்டம். இன்னொன்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மகனுக்குக் கப்பலில் வேலை, கப்பல் கரை சேர்ந்த இடத்திலிருந்து போன் பண்ணி அழுதான். அடுத்த தெருவிலிருந்த அவளுடைய தங்கை வந்து சமையலையும் சொட்டு மருந்தையும் ஏற்றுக்கொண்டாள். தங்கை நல்லவள். வாய்தான் கொஞ்சம் நீளம்.

"செடிக்கெல்லாம் நான் தண்ணி ஊத்திடறேன்க்கா" என்றாள் தங்கை.

"வேண்டாம். அது அவர் பொறுப்பு. நீ தொடாதே."

"யாரு, மாமாவா? அதுக்கு இப்பவே பிடுங்கிக் குப்பையில போட்டுடலாமே!"

"சிரிக்காதடி" என்று தரையைப் பார்த்தபடியே அதட்டினாள் அக்கா. பிறகு அவரைக் கூப்பிட்டாள். "ஏங்க, உங்களை நான் இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இது ஒண்ணு மட்டும். கண்ணு தெளிஞ்சதும் நான் முதல்ல பெரணியைத்தான் பாக்கணும். அது பச்சையா இருக்கணும்."

"அப்ப என்னை?"

"உங்க மூஞ்சி எனக்கு மனப்பாடம். அதை அப்புறமா பாத்துக்கறேன்."

"ஆகட்டும்" என்றார். அந்த வார்த்தை வாயைவிட்டு வெளியே வந்தபோது, வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கே பயமாக இருந்தது.

அவர் முயற்சி செய்யவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கைக்குட்டையில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். முகம் துடைக்கும்போது முடிச்சு உறுத்தியது, அவிழ்த்துவிட்டார். செல்போனில் அலாரம் வைத்தார். அது அடித்த நேரத்தில் முழங்கை வரைக்கும் மாவு. அடுப்புக்காரர்தான் அதை அணைத்தார். "என்னண்ணே, எதுக்கு அடிக்குது?" என்று கேட்டதற்கு இருவரும் சேர்ந்து யோசித்தும் விடை கிடைக்கவில்லை. வாசல் கதவின் உட்பக்கம் சாக்பீஸால் 'தண்ணீர்' என்று பெரிதாக எழுதிவைத்தார். முதல் நாள் அதைப் பார்த்து ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். அதற்குப் பிறகு அது கதவில் எப்போதும் இருக்கிற கறை மாதிரி ஆகிப்போனது.

வெளுக்குமுன் வேலைக்குப் போய் மதியம் திரும்பி வருவார். வந்ததும் வாஷ்பேசினுக்குப் போய்க் கை கழுவிவிட்டு, நேரே கூடத்துக்கு வந்து கட்டிலோரம் தரையில் மல்லாந்து படுப்பார். இல்லாவிட்டால் அவளோடு முகம் பார்த்துப் பேச வழியில்லை. மேலே அவள் முகம், கீழே இவர் முகம். அவளுக்கு இவர் தெரியமாட்டார். குரல் வருகிற திசையில் அவள் லேசாகச் சிரிப்பாள், அவ்வளவுதான். முதல் சில நாள் பேசத் தெரியாமல் சும்மாவே படுத்திருந்தார். அவளுடைய கண்ணிலிருந்து மருந்தோ கண்ணீரோ ஒரு சொட்டு அவர் நெற்றியில் விழுந்தபோது எது என்று கேட்கத் தைரியம் வரவில்லை.

அப்படி ஒரு மதியம் அவள் கேட்டாள். "பெரணி எப்படி இருக்கு?"

அவர் தரையில் படுத்தபடியே தலையைத் திருப்பிப் பார்த்தார். பெரணி அவருடைய கண் மட்டத்தில், மூலையில் இருந்தது. இலையெல்லாம் பழுப்பாகச் சுருண்டு, தொட்டியைச் சுற்றித் தரையில் பொடிப்பொடியாக உதிர்ந்து கிடந்தது. கடைசியாக எப்போது ஊற்றினோம் என்று யோசித்தார். ஞாபகம் வரவில்லை.

"அதுக்கென்ன" என்றார் மென்று முழுங்கி. "புதுசா ஒரு சுருள் விட்டிருக்கு."

"நிஜமாவா?"

"அட, இங்கேருந்தே தெரியுதே. உன் சுண்டுவிரல் தண்டிக்கு. பச்சைன்னா அப்படி ஒரு பச்சை."

அவள் சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைக் கேட்டுவிட்டு இந்த மனிதர் எப்படி உண்மையைச் சொல்வார்? நீங்களோ நானோ சொல்லியிருப்போமா?

மறுநாள் இன்னொரு சுருள் விட்டது. அதற்கு மறுநாள் முதல் சுருள் பாதி அவிழ்ந்தது. செடிகளைப் பற்றி ஒன்றுமே தெரியாத மனிதர் தினமும் தரையில் படுத்துக்கொண்டு கைகளை ஆட்டி ஆட்டிப் பெரணிச் செய்தி வாசித்தார். ஒருநாள் அதில் ஒரு பனித்துளி நின்றதாகச் சொன்னார். மூடிய கூடத்துக்குள் பனி எப்படி வரும் என்று அவருக்குத் தோன்றவில்லை. செய்தி முடிந்ததும் பேச்சு வேறெங்கோ போகும். பேக்கரியில் சேர்ந்த புதிதில் சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டியது, கல்யாணத்துக்கு முன் அவளைப் பார்க்க வந்தபோது செருப்பு மாறிப்போனது, மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் பயந்துபோய் நின்றது. அவளுக்கே தெரியாத கதைகள் எல்லாம் வந்தன.

ஒரு மதியம் செய்தியை முடித்துவிட்டு எழுந்தவரைத் தங்கை சமையலறைக்குள் இழுத்துப் போனாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாலும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரித்தான் கேட்டாள்.

"ஏன் மாமா, மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா? எல்லாம் காஞ்சு சருகா கிடக்கு. நீங்க சுருள் விடுதுங்கறீங்க, பனித்துளிங்கறீங்க! அக்கா கண்ணைத் தொறந்து பாத்தா என்ன ஆகும்?"

அவர் பின்கட்டுக்கு ஓடினார். ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போய் எல்லாத் தொட்டியிலும் வழிய வழிய ஊற்றினார். திருப்தி வராமல் இன்னொரு குடம். தண்ணீர் அடியில் இறங்கிக் கூடம் முழுக்க ஓடி, கட்டிலுக்கடியில் போய்த் தேங்கியது. "ஏங்க, தரை மினுமினுன்னு ஆடற மாதிரி இருக்கு. என் கண்ணுக்கு என்னமோ ஆயிடுச்சா?" என்று அவள் பதறினாள். "ஒண்ணுமில்லக்கா, மாமா வீடு கழுவறார்" என்றாள் தங்கை, அவரை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்துக்கொண்டே.

இரண்டொரு நாளில், வாடாமல் மிச்சமிருந்த கற்றாழை அடியில் அழுகிச் சாய்ந்தது. மறந்து கொன்றது போதாது என்று ஞாபகம் வந்தும் கொன்றாகிவிட்டது.

"ஒரு குழந்தையை வாரம் பூரா பட்டினி போட்டுட்டு, ஒரே நாள்ல மொத்தச் சோத்தையும் ஊட்டுவாங்களா மாமா?" என்று கேட்டாள் தங்கை. அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே பாவமாகிவிட்டது. "சரி விடுங்க. கடையில போய் இதே மாதிரி ஒரு பெரணி வாங்கி வச்சிடுங்க. அக்காவுக்கு எங்க தெரியப்போகுது."

செடிக்கடைக்குப் போனார். அங்கே பெரணிகள் வரிசையாக நின்றன. அவர் சொன்ன பொய்யில் இருந்த அதே பச்சை. ஒன்றைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பொய்யை வாயால் சொல்வது ஒன்று, தொட்டியில் வைத்து வளர்ப்பது இன்னொன்று என்று தோன்றியது. கீழே வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார். தான் கடைக்குப் போன காரியத்தை மறக்காமல், வேண்டாம் என்று முடிவுசெய்து திரும்பியது அதுவே முதல் முறை.

மறுநாள் பேக்கரியில் மனசு சரியில்லை. அடுப்புக்காரர் ஏதோ கேட்டார், இவர் ஏதோ சொன்னார். மாவுத் தொட்டியைக் கடந்தபோது விரல் போய் மாவைத் தொட்டது. குழி மெல்ல மேலே வந்தது. "எடுக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். இப்போது மாவு தயார் என்று யார் ஞாபகப்படுத்தினார்கள்? யாருமில்லை. அலாரம் அடித்ததா? இல்லை. வழியில் இருந்தது, கை போனது, தொட்டது. மாவுத் தொட்டியைத் தெருக்கோடியில் வைத்திருந்தால் இந்த ஊரில் ஒருவரும் ரொட்டி தின்றிருக்கமாட்டார்கள்.

அன்று மதியம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தொட்டிகளைத் தூக்க ஆரம்பித்தார். வந்ததும் கை கழுவுவதை மட்டும் அவர் ஒருநாளும் மறந்ததில்லை. காய்ந்த மாவு விரலிடுக்கில் பிடித்து இழுக்கும், மறக்கவிடாது. வாஷ்பேசின் இருந்தது பின்கட்டுக்குப் போகும் நடையில். மேலே ஒரு சன்னல், கோடியில் வெயில் வருகிற கதவு. உயிர் இருந்ததோ இல்லையோ, எல்லாத் தொட்டியையும் அந்த நடையின் இரண்டு பக்கமும் வைத்தார். குரோட்டன்ஸைக் கதவோரம், பெரணியை வாஷ்பேசினுக்குக் கீழே. அங்கே போகவேண்டும் என்றால் ஒருக்களித்துத்தான் போகவேண்டும்.

"இது என்ன கூத்து?" என்றாள் தங்கை.

அவர் ஒவ்வொரு தொட்டியிலும் ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்தார். ஈரமண் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தால் அப்படியே விட்டார். விரல் சுத்தமாக வெளியே வந்த தொட்டிக்கு மட்டும் குழாயிலிருந்து ஒரு குவளை பிடித்து ஊற்றினார். கடைசியில் மண்ணும் மாவுமாக இருந்த கையைக் கழுவினார். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் அவர் எதையோ யோசித்துக்கொண்டே வந்தார், விரல் தன்பாட்டுக்குத் தொட்டிகளைத் தொட்டுக்கொண்டே போயிற்று. இன்றைக்கு ஊற்றும் நாளா இல்லையா என்று அவர் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மண்ணே சொல்லிவிட்டது.

மணிபிளான்ட் முதலில் நிமிர்ந்தது. குரோட்டன்ஸ் உதிர்த்ததுபோக மிச்ச இலைகளைப் பிடித்துக்கொண்டது. பெரணியைத் தங்கை அடியோடு கத்தரித்து, "இது அவ்வளவுதான் மாமா" என்று கையை விரித்தாள். வெறும் மண்ணும் நாலு மொட்டைத் தண்டும்தான் இருந்தன. அவர் பேக்கரியில் மாவு மூடுகிற வெள்ளைத் துணி ஒன்றைக் கொண்டுவந்து, நனைத்துப் பிழிந்து தொட்டிமேல் மூடினார். காற்றுப்பட்டு மாவு காய்ந்துவிடக் கூடாது என்று அப்படித்தான் செய்வார். செடிக்கு அது நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த பராமரிப்பு அது ஒன்றுதான். தினமும் துணியை நீக்கி, விரலை விட்டுப் பார்த்து, மறுபடி மூடினார். கூடத்தில் போய்ப் படுத்ததும், பெரணி அமோகமாக இருப்பதாகச் செய்தி வாசித்தார்.

இரண்டு வாரம் முடிந்து டாக்டரிடம் போனார்கள். திரை ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார் அவர். வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து ஆகட்டும் குழந்தை மாதிரி அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மேல்பக்கம் கொஞ்சம் தெளிவா இருக்குங்க. கீழ்பக்கம் பூரா தண்ணி ரொப்பின மாதிரி ஒரு கோடு ஆடுது. அது அந்தக் குமிழிதானாம், பார்வைக்குத் தலைகீழா கீழ தெரியுமாம். குமிழி கரையக் கரையக் கோடு இறங்கிடுமாம்" என்றாள். அவர் மூளை சட்டென்று கணக்குப் போட்டது. மேலே இருப்பதுதானே இப்போது தெரியும்? ஓடிப்போய் மணிபிளான்டைத் தூக்கி வாஷ்பேசினுக்கு மேலே சன்னல் கட்டையில் வைத்தார். குரோட்டன்ஸை ஸ்டூல்மேல் ஏற்றினார். பெரணியைத் துணியோடு இன்னும் உள்ளே தள்ளினார். கோடு இறங்குவதற்குள் ஏதாவது நடக்காதா என்று ஒரு நப்பாசை.

"பெரணிகிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள் அவள்.

"இப்ப என்ன அவசரம்? களைப்பா இருப்பே."

"இத்தனை நாளா படுத்தேதானே கிடந்தேன்."

கையைப் பிடித்து அழைத்துப் போனார். நடையில் நுழைந்ததும் ஒரு தொட்டியில் இடித்துக்கொண்டாள். "என்னங்க இது, காட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கு?" என்றவள், சன்னலில் மணிபிளான்ட் இலைகளைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். ஒவ்வோர் இலையாகப் பார்த்தாள். "தெரியுதுங்க" என்றாள். பிறகு, "எங்க அது?" என்றாள்.

அவர் வாஷ்பேசினுக்குக் கீழே கையைக் காட்டினார். அவள் குனிந்தாள். குனிந்ததும் கண்ணுக்குள் குமிழி புரண்டு எல்லாம் தண்ணீராகிவிட்டது. மண்டியிட்டு, கையால் தடவித் தொட்டியைப் பிடித்தாள். ஈரத் துணி கையில் பட்டது. அதை நீக்கி விரல்களை உள்ளே விட்டாள். தொட்டி கொள்ளாமல் வழிந்துகொண்டிருந்த செடி இருந்த இடத்தில் மொட்டைத் தண்டுகள் தட்டுப்பட்டன. தங்கை சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"செத்துப்போச்சு" என்றார் ஆகட்டும். "நான்தான் கொன்னுட்டேன். மறந்துட்டேன். சுருள், பனித்துளி எல்லாம் பொய். உன் தலைமேல சத்தியமா வேணும்னு செய்யல."

அவள் விரல் மண்ணில் ஊர்ந்துகொண்டிருந்தது. "தெரியும்" என்றாள்.

"தெரியுமா?"

"தினம் ஒரு சுருள் விடறதுக்கு அது பெரணியா, உங்க பேக்கரி மாவா? நீங்க சொன்ன கணக்குக்கு இந்நேரம் கூரையைப் பிச்சுக்கிட்டு மேல போயிருக்கணும்."

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப ஏன் கேட்டுக்கிட்டே இருந்தே?"

"நீங்க வந்து தரையில படுத்துப் பேசினீங்களே, அதுக்குத்தான். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எங்கிட்ட நீங்க இவ்வளவு பேசினதே இல்லைங்க. உண்மையைச் சொல்லுங்கன்னு கேட்டிருந்தா நிறுத்தியிருப்பீங்க." தண்டுகளைத் தடவிக்கொண்டே, "செடியை உங்க தலையில கட்டினதும் சும்மா இல்ல. ஆஸ்பத்திரியில உங்க கை நடுங்கினது எனக்குத் தெரியும். கைக்கு ஒரு வேலை இருந்தா தேவலைன்னு நினைச்சேன்" என்றாள். அதோடு அவளுடைய விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது. "இங்க தொட்டுப் பாருங்க."

அவர் குனிந்து பார்த்தார். அவள் கண்ணுக்குத் தெரியவில்லை, அவர் கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு மொட்டைத் தண்டுகளுக்கு நடுவே, மிளகு அளவுக்கு, மெல்லிய ரோமத்தோடு சுருண்டு ஒன்று. தினமும் மண்ணில் விரலை விட்டவர் அதைப் பார்க்காமலே போயிருக்கிறார். அவருக்குச் சுருள் என்றால் எப்படியிருக்கும் என்றே அதுவரை தெரியாது.

கண்ணுக்குள் இருந்த கோடு நாளுக்கு நாள் இறங்கியது. மார்பளவு, இடுப்பளவு என்று அவள் நகைச்சுவையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஓரத்தில் ஒரு சின்ன வட்டமாகி, அதுவும் கரைந்துபோனது. மீட்டர் கட்டையில் மட்டும் லேசான நெளிவு மிச்சமிருந்தது. அது போகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நெளிவைக் கழித்துக்கொண்டு நேராக வெட்ட அவள் பழகிக்கொண்டாள். தொட்டிகள் நடையைவிட்டு நகரவில்லை. விருந்தாளிகள் ஒருக்களித்துப் போய்க் கை கழுவினார்கள். ஆகட்டும் இன்னமும் குடையைத் தொலைத்துக்கொண்டுதான் இருந்தார்.

கண் தெளிந்து கொஞ்ச நாளான ஒரு மதியம். அவள் கடைக்கு விடுமுறை, கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் வந்து, தொட்டிகளைத் தொட்டு, கை கழுவிவிட்டு, நேரே வந்து கட்டிலோரம் தரையில் மல்லாந்து படுத்தார்.

"என்னங்க, உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"

"செய்தி இருக்கு."

அவள் துணியை ஒதுக்கிவிட்டுக் குப்புறப் படுத்து, கட்டில் ஓரத்தில் முகத்தை நீட்டினாள். அத்தனை நாள் வெறும் குரலாக இருந்த இடத்தில் இப்போது ஒரு முகம் இருந்தது.

"பெரணி ஒரு சுருள் விட்டிருக்கு" என்றார்.

"எத்தனாவது?"

"ரெண்டாவது. வேணும்னா போய்ப் பாத்துக்கோ."

அவள் போகவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "புருவத்துல மாவு" என்று கட்டைவிரலை நீட்டித் துடைத்தாள். வரவில்லை. எச்சில் தொட்டு இன்னொரு தடவை துடைத்தாள். அது மாவில்லை, நரை.

"உங்க மூஞ்சி மனப்பாடம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள். விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. "நாளைக்கும் வந்து செய்தி சொல்லணும்."

"ஆகட்டும்" என்றார்.

அதை அவர் மறக்கவில்லை.